‘ஏலியன்’ படத்தின் முன்கதையான ‘ப்ரொமீதியஸ்’ ஏன் பாதிப் பேருக்கு ஏமாற்றமாகவும் பாதிப் பேருக்குக் கொண்டாட்டமாகவும் இருக்கிறது? பார்க்கலாமா?

பார்க்கலாம், கட்டாயம் பார்க்க வேண்டும். ஆனால் எதை எதிர்பார்த்து உட்காருகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் இந்தப் படம் பிடிப்பதும் பிடிக்காமல் போவதும். கதை முழுவதையும் தொட்டுத்தான் பேசப் போகிறேன், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

முதலில் பின்னணி. ரிட்லி ஸ்காட் ‘ஏலியன்’ எடுத்தது 1979-ல். 1982-ல் வந்த ‘பிளேட் ரன்னர்’ படத்துக்குப் பிறகு அவர் அறிவியல் புனைவுப் பக்கமே வரவில்லை. 2012-ல், 33 வருடம் கழித்து, தான் தொடங்கிவைத்த உலகத்துக்கே திரும்புகிறார் என்றால் எதிர்பார்ப்பு எங்கே போய் நின்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போதாததற்கு, டிரெய்லரில் பழைய பட டிரெய்லரின் அந்த அலறல் சத்தத்தையே போட்டார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே ஒரு கேள்விக்கு விடை வரப்போகிறது என்று நம்பினார்கள்: 1979 படத்தில் பிரம்மாண்டமான நாற்காலியில் செத்துக் கிடந்த அந்த ராட்சத விமானி யார்?

ஏமாற்றம் தொடங்குவது இங்கேதான். படம் அந்தக் கேள்விக்கு நேரடியாக விடை சொல்லவில்லை. நிறைய பேர் ‘ப்ரொமீதியஸ்’ கிளைமாக்ஸில் விழும் கப்பலும் ‘ஏலியன்’ படத்தில் வரும் கப்பலும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு, “விமானி நாற்காலியிலேயே சாகவில்லையே, எப்படிப் பொருந்தும்?” என்று குழம்புகிறார்கள். இரண்டும் வேறு வேறு. ‘ஏலியன்’ நடப்பது எல்.வி.-426 என்ற துணைக்கோளில், 2122-ல். ‘ப்ரொமீதியஸ்’ நடப்பது எல்.வி.-223-ல், 2093 டிசம்பரில். இடம் வேறு, கப்பல் வேறு, செத்தவனும் வேறு. இதைப் படம் ஒருமுறைகூட அழுத்திச் சொல்லவில்லை. அதனால் பிழையே இல்லாத இடத்தில் பிழை தேடிக் களைத்துப்போகிறார்கள்.

ஏன் இப்படி ஆயிற்று? கதை பாதி வழியில் திசை மாறியது. ஜான் ஸ்பைட்ஸ் எழுதிய முதல் திரைக்கதையின் பெயரே ‘ஏலியன்: எஞ்சினியர்ஸ்’. அது பச்சையான முன்கதை. பழைய படத்தின் அதே துணைக்கோள், முகத்தில் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும் அதே ஜந்து எல்லாம் அதில் உண்டு. பிறகு டேமன் லிண்டலாஃப் வந்து திருத்தி எழுதினார். நம்மைப் படைத்தவர்கள் யார், ஏன் படைத்தார்கள் என்ற கேள்வி முன்னுக்கு வந்தது, பழைய ஜந்துக்கள் பின்னுக்குப் போயின. 2011 ஜனவரியில் இது தனிப்படம் என்ற தோரணையில் புதிய பெயரோடு அறிவிப்பு வந்தது. ஆக, நாம் திரையில் பார்ப்பது இரண்டு கதைகளை ஒட்டுப்போட்ட படம். எங்கெல்லாம் ஒழுகுகிறதோ, அநேகமாக அங்கெல்லாம் தையல் இருக்கிறது.

நல்ல உதாரணம் அந்தக் கறுப்புத் திரவம். தொடக்கக் காட்சியில் ஒரு எஞ்சினியர் (நம்மைப் படைத்ததாகச் சொல்லப்படும் அந்த வெள்ளை ராட்சதர்களுக்குப் படத்தில் இதுதான் பெயர்) அதைக் குடிக்கிறான். உடம்பு நொறுங்கி அருவியில் கலந்து, உயிர் புதிதாகத் தொடங்குகிறது. படைத்தவர்களைத் தேடி வந்த குழுவின் ஆய்வாளன் ஹாலோவே அதில் ஒரு துளி குடிக்கிறான், நரம்பு புடைத்து நோயாளி ஆகிறான். அவனோடு உறவுகொண்ட சக ஆய்வாளரும் கதாநாயகியுமான ஷாவுக்கு, அதுவும் பிள்ளைப்பேறே இல்லாதவளுக்கு, பத்தே மணி நேரத்தில் மூன்று மாதக் கர்ப்பம். குழுவின் நிலவியலாளன் ஃபிஃபீல்ட் முகம் குப்புற அதில் விழுகிறான், வெறிபிடித்த பேயாகத் திரும்பி வருகிறான். மண்புழு பாம்பாகிறது. ஒரே பொருளுக்கு ஐந்து விளைவுகள். அளவையும் போய்ச் சேரும் உடம்பையும் பொறுத்து மாறுகிறது என்று நாமாக ஒரு விதி கட்டிக்கொள்ளலாம், ஓரளவு பொருந்தவும் செய்கிறது. ஆனால் விதியைப் பார்ப்பவர் கட்டிக்கொள்ள வேண்டியிருப்பது திகில் படத்துக்குப் பெரிய பலவீனம். 1979 படத்தில் முட்டை, முகத்தில் ஒட்டல், நெஞ்சைப் பிளத்தல், வளர்ந்த ஜந்து என்று வரிசை தெளிவாக இருந்தது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்ததால்தான் பயந்தோம். இங்கே எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்பதால் எதற்கும் முன்கூட்டிப் பயப்பட முடிவதில்லை.

ஆனால் பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பாம்பு வானத்திலிருந்து குதிக்கவில்லை. குடுவைகள் வரிசையாக நிற்கும் அறைக்குள் குழுவினர் முதன்முதலாகக் கால் வைக்கும்போது, பூட்ஸ் அழுத்தும் மண்ணில் சின்னப் புழுக்கள் நெளிவதை ஒரு குளோசப்பில் காட்டுகிறார் ஸ்காட். சில நொடிகள்தான். பிறகு குடுவைகள் வியர்க்க ஆரம்பிக்கின்றன, திரவம் மண்ணில் இறங்குகிறது. வசனத்தில் இதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. ஸ்காட் படத்தால் யோசிப்பவர், தகவலையும் படத்திலேயே வைப்பார். எழுத்து கைவிட்ட இடங்களில் கேமரா தாங்கிப்பிடிப்பதைப் படம் நெடுகப் பார்க்கலாம்.

மெட்பாட் எனும் அறுவை சிகிச்சைப் பெட்டியும் அப்படித்தான். பயணத்தை நடத்தும் நிறுவனத்தின் அதிகாரி விக்கர்ஸின் தனி அறையில் இருக்கும் பெட்டி, ஷா சிசேரியன் கேட்டதும், “இந்தக் கருவி ஆண் நோயாளிகளுக்கு மட்டுமே அமைக்கப்பட்டது” என்கிறது. பெண் ஒருத்தியின் அறையில் ஆண்களுக்கான கருவி எதற்கு என்று கேட்டு, இதையும் ஓட்டைப் பட்டியலில் சேர்த்தவர்கள் உண்டு. உண்மையில் அது தடயம். பயணத்துக்குப் பணம் போட்ட, செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட கிழவர் வெய்லாண்ட் கப்பலில்தான் ஒளிந்திருக்கிறார், பெட்டி அவருக்காக வந்தது. அவர் வெளிப்படும் காட்சிக்குக் கொஞ்சம் முன்னாலேயே படம் இதைச் சொல்லிவிடுகிறது.

அந்தக் காட்சியின் கட்டுமானமே தனிப் பாடம். சிசேரியன் கிடையாது என்றதும் ஷா அந்தப் பதற்றத்திலும் சொற்களை மாற்றுகிறாள்: வயிறு, அறுவை சிகிச்சை, உள்ளே அந்நியப் பொருள். இயந்திரத்தை அதன் மொழியிலேயே ஏமாற்றுகிறாள். மயக்கம் கிடையாது, வலிமருந்து மட்டும். கண்ணாடி மூடி முகத்துக்கு நேர் மேலே, ஆள் புரள இடம் இல்லை. லேசர் கீறுகிறது, இடுக்கி இறங்கி அந்த ஜந்துவைத் தூக்குகிறது, அது அவள் முகத்துக்கு மேலேயே துள்ளுகிறது, கீறிய வயிற்றைப் பெட்டி ஸ்டேப்ளர் அடித்து மூடுகிறது. மேடையில் நிஜப் பொம்மை ஜந்து இருந்ததால் நூமி ரபாஸின் கண்ணில் தெரியும் அருவருப்பு அவ்வளவு உண்மையாக இருக்கிறது. 1979-ல் நெஞ்சைப் பிளந்த காட்சிக்கு ஈடாக இந்தத் தொடரில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

அடுத்த நிமிடமே மறுபடி தையல் தெரிகிறது. இரத்தம் வழிய, உள்ளாடையோடு, தள்ளாடி அடுத்த அறைக்குள் போகிறாள். அங்கே வெய்லாண்டும் ஆட்களும் இருக்கிறார்கள். என்ன ஆச்சு என்று ஒருவரும் உருப்படியாகக் கேட்பதில்லை. வெட்டி எடுத்த ஜந்து பெட்டியில் உயிரோடு கிடக்கிறது, அதைப் பற்றி அவளும் எச்சரிப்பதில்லை. வயிற்றுத் தசை அறுபட்டவள் கொஞ்ச நேரத்தில் ஓடுகிறாள், தாவுகிறாள். அவ்வளவு கவனமாகக் கட்டிய காட்சியின் வலியை அடுத்த காட்சி மதிக்கவில்லை. இந்தப் படத்தில் என்னைப் பொறுத்தவரை மன்னிக்கவே முடியாத இடம் இதுதான்.

விஞ்ஞானிகள் விஞ்ஞானிகள் மாதிரி நடந்துகொள்வதில்லை என்ற புகார் முழுக்க நியாயம். காற்று சுவாசிக்கத் தக்கது என்றதும் ஹெல்மெட்டைக் கழற்றுகிறார்கள். கிருமி என்று ஒன்று இருப்பதே அவர்கள் நினைவுக்கு வரவில்லை. சுரங்கத்தை அளக்கப் பறக்கும் கருவிகளை ஏவிய ஃபிஃபீல்ட்தான் வழிதவறுகிறான். செத்த எஞ்சினியரைப் பார்த்துப் பயந்து ஓடிய உயிரியலாளன் மில்பர்ன், உயிரோடு படமெடுத்து நிற்கும் பாம்பைக் கொஞ்சப் போகிறான். ஃபிஃபீல்ட் விஷயத்திலாவது, வரைபடம் கப்பலில் இருக்கும் மேசைக்குப் போகிறது, அதைப் பார்க்க வேண்டிய கேப்டன் ஜானெக் இருக்கையை விட்டு எழுந்து போய்விடுகிறான் என்று சமாதானம் சொல்லலாம். மில்பர்னுக்குச் சமாதானமே இல்லை. தூரக் கணக்கும் உதைக்கிறது. பூமியிலிருந்து 327 லட்சம் கோடி கி.மீ. என்று திரையில் எழுத்து வருகிறது, அதாவது 34 ஒளியாண்டுகளுக்கு மேல். ஆனால் விக்கர்ஸ் 50 கோடி மைல் பறந்து வந்ததாகச் சொல்கிறாள். 50 கோடி மைல் என்றால் 80 கோடி கி.மீ., ஏறக்குறைய வியாழன் வரைக்கும்தான். உருண்டு வரும் கப்பலுக்கு நேர் முன்னால் அவள் ஓடுவதைப் பற்றி எல்லோரும் பேசித் தீர்த்துவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

பழைய ரசிகர்களுக்கு வலித்தது இவை எதுவும் இல்லை, உருவ அளவு. 1979-ல் ஹெச்.ஆர். கீகர் வடிவமைத்த அந்த விமானி, நாற்காலியோடு சேர்த்து 26 அடி உயரம். அது இன்னும் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று ஸ்காட் தன் பிள்ளைகளுக்கே சின்ன விண்வெளி உடைகளை மாட்டி அதன் பக்கத்தில் நிற்கவைத்துத் தூரக்காட்சி எடுத்தார். உடம்பு எது, நாற்காலி எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. எலும்பு கல்லாகி, இருக்கையிலிருந்தே முளைத்தது போல இருந்தது. 2012-ல் அந்தத் தும்பிக்கை முகம் வெறும் ஹெல்மெட், எலும்பு என்று நினைத்தது உடை, உள்ளே இருப்பவன் மொட்டைத் தலையோடு நம்மைப் போலவே ஒரு மனிதன், கொஞ்சம் உயரம் அதிகம் என்றாகிவிட்டது. மனிதனுக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று எங்கோ செத்துக் கிடந்தது என்பதுதான் பழைய படத்தின் திகில். அதை நம் மூதாதை ஆக்கியதும் பிரபஞ்சம் சட்டென்று சின்னதாகிப் போகிறது.

சரி, கொண்டாட்டம் எதற்கு? ஒரே சொல்லில், டேவிட். மைக்கேல் ஃபாஸ்பெண்டர் நடித்த அந்தச் செயற்கை மனிதன். மற்றவர்கள் உறக்கத்தில் இருக்கும் இரண்டு வருடமும் அவன் தனியாகக் கப்பலைப் பார்த்துக்கொள்கிறான். சைக்கிள் ஓட்டியபடி கூடைப்பந்து போடுகிறான், பழைய மொழிகள் படிக்கிறான், ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ பார்த்து அதன் நாயகனைப் போலத் தலைமுடிக்குச் சாயம் பூசுகிறான். கிட்டத்தட்ட வசனமே இல்லாத இந்தத் தொடக்க நிமிடங்களில் ஒரு முழுப் பாத்திரம் உருவாகிவிடுகிறது.

பில்லியர்ட்ஸ் மேசைக் காட்சியைத் தயவுசெய்து கூர்ந்து பாருங்கள். படைத்தவர்களைச் சந்திக்க முடியவில்லையே என்று ஹாலோவே குடித்துக்கொண்டிருக்கிறான். என்னை ஏன் படைத்தீர்கள் என்று டேவிட் கேட்கிறான். எங்களால் முடிந்தது, அதனால் படைத்தோம் என்கிறான் இவன். இதே பதிலை உன்னைப் படைத்தவனிடமிருந்து கேட்டால் உனக்கு எப்படியிருக்கும் என்கிறான் டேவிட், குரல் துளியும் உயராமல். பிறகு, விடை தெரிய எவ்வளவு தூரம் போவாய் என்று கேட்கிறான். எதையும் செய்வேன் என்று பதில் வருகிறது. அதன் பிறகே விரல் நுனியில் ஒட்டியிருந்த துளி கோப்பைக்குள் போகிறது. அதாவது, சம்மதம் வாங்கிக்கொண்டு விஷம் வைக்கிறான். படைத்தவன், படைக்கப்பட்டவன், அவன் படைத்தவன் என்ற மூன்று தலைமுறை மனக்கசப்பும் இந்த ஒரே உரையாடலில் அடங்கிவிடுகிறது. பின்னால் விழித்தெழும் எஞ்சினியர் டேவிட்டின் தலையைப் பிய்த்து, அதே தலையால் வெய்லாண்டை அடிப்பது இதன் மறுமுனை.

கண்ணுக்கும் விருந்து குறைவில்லை. தொடக்க அருவி ஐஸ்லாந்தின் டெட்டிஃபாஸ். கலை வடிவமைப்பாளர் ஆர்தர் மேக்ஸ் பைன்வுட் ஸ்டூடியோவில் செட்டுகளை நிஜமாகவே கட்டினார், அதனால் நடிகர்கள் நடக்கும் தரையும் தொடும் சுவரும் உண்மை. ஒளிப்பதிவாளர் டாரியஸ் வோல்ஸ்கி அதைத் தொடக்கத்திலிருந்தே 3டி கேமராவில் எடுத்தார், பிற்பாடு மாற்றிய 3டி இல்லை. அதன் பலனை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் நட்சத்திர வரைபடம் அறை முழுக்க விரியும் காட்சிதான். டேவிட் அதன் நடுவே நின்று பூமியைக் கையில் ஏந்திப் பார்க்கிறான். மனிதர் யாருக்கும் இந்தப் படத்தில் வராத வியப்பு அவன் முகத்தில் வருகிறது.

பார்க்கும் வரிசை: முதலில் 1979 ‘ஏலியன்’, பிறகு இது, பிறகு 2017-ல் வந்த ‘ஏலியன்: கவனன்ட்’. கதைக் காலப்படி இதை முதலில் பார்த்தால் பழைய படத்தின் மர்மம் பாழாகிவிடும். ‘கவனன்ட்’ ஷாவை நடத்தும் விதம் உங்களுக்குக் கோபம் வரவழைக்கலாம், எனக்கு வந்தது. அது முழுக்க முழுக்க டேவிட்டின் படம்.

ப்ளூ-ரே கிடைத்தால் வெட்டப்பட்ட காட்சிகளை விட்டுவிடாதீர்கள், அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கின்றன. இரண்டு முக்கியம். தொடக்கப் பலியில் மூத்த எஞ்சினியர்கள் உடன் நிற்பது ஒன்று. அதைப் பார்த்தால் அது தற்கொலை இல்லை, சடங்கு என்று புரியும். விழித்த எஞ்சினியர் பதிலுக்குப் பேசும் நீண்ட வடிவம் இன்னொன்று. டேவிட் அவனிடம் பேசும் மொழியை மொழியியலாளர் அனில் பில்டூ, இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் மீட்டுருவாக்கப்பட்ட மூலமொழியை அடிப்படையாக வைத்து உருவாக்கினார். படத்தில் டேவிட்டுக்குத் திரையில் பாடம் நடத்தும் ஆசிரியராக வருபவரும் அவர்தான். தியேட்டர் வடிவத்தில் எஞ்சினியர் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அடிக்கிறான். நீண்ட வடிவத்தில் கேட்டு, யோசித்து, பேசி, அதன் பிறகு அடிக்கிறான். இந்த ஒரு காட்சியை வெட்டாமல் விட்டிருந்தால் “அவன் ஏன் கோபப்படுகிறான்?” என்ற கேள்வி இவ்வளவு பெரிதாகியிருக்காது.