தையல்கடைக்கு மெஷின் வாங்கினால் நான் ‘கன்ஸ்யூமர்’ இல்லையா?

கேள்வி: வீட்டு முன்னறையில் தையல்கடை நடத்துகிறேன். மூன்று லட்ச ரூபாய் கொடுத்து எம்பிராய்டரி மெஷின் வாங்கினேன். வாரன்டி முடியும் முன்பே ஓயாமல் பழுதாகிறது. மாற்றித் தரச் சொன்னால், “தொழிலுக்கு வாங்கியவர் கன்ஸ்யூமரே கிடையாது, கேஸ் நிற்காது” என்கிறார் விற்றவர். உண்மையா?
- ஈரோடு வாசகி

பதில்: பாதியை மட்டும் சொல்லி உங்களைப் பயமுறுத்துகிறார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவுப்படி, மறுவிற்பனைக்கோ வணிக நோக்கத்துக்கோ பொருள் வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். அதுவரை அவர் சொல்வது சரி. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் ‘வணிக நோக்கம்’ என்பதில் சேராது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது.

இதை உச்ச நீதிமன்றம் 1995-லேயே தெளிவாக்கிவிட்டது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. நிறுவனத்திடம் மெஷின் வாங்கிய லட்சுமி இன்ஜினியரிங் வொர்க்ஸ் தொடர்ந்த வழக்கு அது. மெஷினின் தன்மையையும் வழக்கில் இருந்த ஆதாரங்களையும் பார்த்து, லட்சுமி இன்ஜினியரிங் நுகர்வோர் அல்ல என்று முடிவானது. ஆனால் தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குபவரும், தானே இயக்க லேத் வாங்குபவரும் நுகர்வோர்தான் என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது. உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் பாதகமில்லை. முழுக்க வேறொருவரே இயக்குவதற்காக வாங்கினால்தான் சிக்கல். அதனால் மெஷினில் நீங்களே உட்காருகிறீர்களா என்பதுதான் முக்கியமான கேள்வி. ஆம் என்றால் தயங்காமல் புகார் கொடுங்கள்.

புகார் மனுவில் ஒரு விஷயத்தை விட்டுவிடாதீர்கள்: தையல்தான் உங்கள் பிழைப்பு, மெஷினை நீங்களே இயக்குகிறீர்கள் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதுங்கள். எத்தனையோ நல்ல வழக்குகள் இந்த இரண்டு வரி இல்லாமல் பலவீனமாகிவிடுகின்றன என்பதுதான் என் ஆதங்கம். எதிர்த்தரப்பு ‘வணிக நோக்கம்’ என்று காட்டிவிட்டால், சுயதொழில் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

அப்புறம், பில், வாரன்டி அட்டை, மெக்கானிக் வந்துபோன ஒவ்வொரு முறைக்குமான சர்வீஸ் ரசீது எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. முதலில் பேசிப் பார்க்க நினைத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஆனால் பேச்சிலேயே நாளைக் கடத்திவிடாதீர்கள். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.