காத் இலை விசராக்குமா?

கேள்வி: என் மகனுக்கு 27 வயது. கப்பலில் வேலை செய்கிறான். ஜிபுத்தித் துறைமுகத்தில் கப்பல் நெடுநாள் நின்றபோது, அங்குள்ளவர்களுடன் சேர்ந்து ‘காத்’ என்ற இலையை மெல்லப் பழகியிருக்கிறான். விடுமுறையில் வந்து மூன்று வாரமாகிறது; இங்கே அந்த இலை அவனுக்குக் கிடைப்பதில்லை. ஆனாலும் இரவில் உறங்குவதில்லை. அயல்வீட்டார் தன்னைப் பற்றியே கதைக்கிறார்கள் என்கிறான். யாரோ ஒட்டுக்கேட்பதாகச் சொல்லித் தொலைபேசியையும் நிறுத்திவிட்டான். வெற்றிலை போடுவதைப் போன்றதுதானே என்கிறார் கணவர். நூல் கட்டச் சொல்கிறார்கள் உறவினர். நாங்கள் 2009இல் வன்னியிலிருந்து வந்தவர்கள். அப்போது அவனுக்குப் பதினொரு வயது. இந்த இலை ஆளை விசராக்குமா?
– ஒரு தாய், கோண்டாவில்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது இலை அன்று, மூன்று வாரம் என்று நீங்கள் எழுதியிருப்பதுதான். அதற்குக் காரணம் சொல்வதற்கு முன், இலையைப் பற்றிச் சில செய்திகளை அறிந்துகொள்வது நல்லது.

யேமன், எத்தியோப்பியா, சோமாலியா, ஜிபுத்தி, கென்யா ஆகிய நாடுகளில் காத் மெல்வது நெடுங்காலப் பழக்கம். யேமனில் பிற்பகல்களில் ஆண்கள் கூடியிருந்து, ஒருவர் நூறு, இருநூறு கிராம் இளந்தளிரைக் கன்னத்தில் அடக்கி, மணிக்கணக்கில் மென்றபடியே ஊர்ப்புதினம் முதல் அரசியல் வரை பேசுவார்கள். அதிலுள்ள கத்தினோன் என்ற பொருள், அமைப்பிலும் செயலிலும் அம்பெற்றமைன் என்ற ஊக்கமூட்டும் போதைப்பொருளுக்கு நெருங்கிய உறவு. மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைப் பெருகச் செய்து, உற்சாகத்தையும் பேச்சையும் கூட்டி, பசியையும் உறக்கத்தையும் விரட்டுகிறது. பறித்த இரண்டு மூன்று நாட்களில் அது வீரியம் குறைந்த கத்தீனாக மாறிவிடுவதால்தான், வாழையிலையில் சுற்றி, எத்தியோப்பியாவிலிருந்து ஜிபுத்திக்கு நாள்தோறும் புதிதாகக் கொண்டுசெல்கிறார்கள். வெற்றிலை பாக்கிலும் பழக்கமாக்கும் தன்மை உண்டு, வாய்ப்புற்றுநோய் ஆபத்தும் உண்டு. ஆனால் இரவு முழுவதும் ஒருவரை விழித்திருக்கச் செய்து மனத்தைச் சந்தேகத்தின் பக்கம் தள்ளும் இந்த ஊக்கி வேறு வகையானது என்பதை உங்கள் கணவர் அறிய வேண்டும்.

இனி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மெல்லும் இலட்சக்கணக்கானோரில் பெரும்பாலானவர்களுக்குச் சித்தப்பிரமை வருவதில்லை. உற்சாகம் தணிந்தபின் எரிச்சல், சோர்வு, தூக்கமின்மை ஆகியனவே அவர்கள் கண்டவை. சிலருக்கு மட்டும், குறிப்பாக இளவயதில் தொடங்கியவர்களுக்கும் இரவு பகலாக அளவின்றி மெல்பவர்களுக்கும் முன்பே மனநோய்ச் சாய்வு உள்ளவர்களுக்கும், பிறர் தமக்குத் தீங்கு செய்யப்போவதாக எண்ணும் நிலை வருகிறது. இலையால் மட்டும் வந்தது என்றால், நிறுத்திய ஓரிரு வாரங்களில் அது பெரும்பாலும் தணிந்துவிடும். உங்கள் மகனுக்கு மூன்று வாரம் கடந்தும் தணியவில்லை. ஆகவே, இலையின் மீது பழியைப் போட்டுவிட்டு இன்னும் காத்திருப்பது சரியன்று. வேறு ஒரு மனநோயின் தொடக்கமாக இருக்கலாம், ‘ஐஸ்’ (மெதம்பெற்றமைன்) போன்ற வேறு போதைப்பொருளும் சேர்ந்திருக்கலாம், உடல்நோயாகவும் இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிவது வைத்தியரின் வேலை.

கடிதத்தின் இறுதியில், 2009இல் வன்னியிலிருந்து வந்தவர்கள் என்று போகிறபோக்கில் நீங்கள் எழுதிய வரியையும் நான் கடந்துபோக மாட்டேன். சோமாலியாவின் போராளிகளிடையே நடத்தப்பட்ட ஆய்வில், போரின் நினைவுகளால் இன்னும் துன்புற்றவர்களே கூடுதலாகக் காத் மென்றார்கள் என்றும், அந்த நினைவுகளை மறக்க அது உதவுவதாக அவர்களே கூறினார்கள் என்றும், போர்க்காயமும் மிகுந்த மெல்லலும் ஒன்றுசேர்ந்த இடத்தில்தான் சந்தேகப் பிரமை மிகுந்திருந்தது என்றும் தெரியவந்தது. உங்கள் மகன் போராளியல்லன். ஆனால் பதினொரு வயதில் அவன் கண்டவற்றைப் பற்றி அவனிடம் யாராவது கேட்டிருக்கிறார்களா? இப்போது நீங்களே கேட்கத் தொடங்க வேண்டாம். வைத்தியரிடம் அதைச் சொல்லுங்கள், போதும்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலோ உள்ள உளநலப் பிரிவுக்கு இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். வர மறுத்தால், ‘உனக்கு விசர்’ என்று வாதாடாமல், ‘உறக்கமில்லாமல் இருக்கிறாய், அதற்கு மருந்து எடுப்போம்’ என்று கூறிப் பாருங்கள். உறக்கமின்மையை அவனும் மறுக்க மாட்டான். 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கு அழைத்து, நீங்கள் மட்டுமேகூட ஆலோசனை பெறலாம். அயல்வீட்டார் கதைக்கவில்லை என்று நிரூபிக்க முயலாதீர்கள். ஆமாம் என்று ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். நூல் கட்டுவது உங்கள் மனத்துக்கு ஆறுதல் என்றால் கட்டுங்கள், ஆனால் அதற்காகக் கிளினிக் நாளைத் தள்ளிப்போடக் கூடாது. ஊக்கியை நிறுத்தியவர்களுக்கு மனம் மிகவும் தளர்ந்துபோகும் காலம் ஒன்று வருவதுண்டு. அதனால் தோட்டத்துக்கு அடிக்கும் மருந்துப் போத்தல்கள் வீட்டில் இருந்தால் இன்றே பூட்டி வையுங்கள். வாழ்வதில் பயனில்லை என்றோ, அயலவரை ஏதாவது செய்துவிடுவேன் என்றோ அவன் பேசினால், கிளினிக் நாள் வரை பொறுக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள்.

கேள்வி: காத்தைத் தடை செய்யத் தேவையில்லை என்று உலகச் சுகாதார நிறுவனமே கூறியதாக வாசித்தேன். அப்படியானால் பிரித்தானியா ஏன் தடை செய்தது?
– ஒரு மாணவர், வட்டுக்கோட்டை

பதில்: நீங்கள் வாசித்தது சரி. அந்த நிறுவனத்தின் நிபுணர் குழு 2006இல், இலையைச் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரத் தேவையில்லை என்றே முடிவு செய்தது. ஆனால் இலையிலுள்ள கத்தினோனும் கத்தீனும் 1971ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் கீழ்க் கட்டுப்படுத்தப்பட்டவை. பிரித்தானிய அரசின் சொந்த ஆலோசனைச் சபையே 2013இல் தடை வேண்டாம் என்றது. அரசு அதைக் கேளாமல் 2014 யூனில் தடை செய்தது. அதற்கு முந்திய ஆண்டே நெதர்லாந்து தடை செய்திருந்ததால், பிரித்தானியா கடத்தலுக்கு நடுவிடமாகிவிடும் என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம்; உடல்நலம் மட்டும் காரணம் அன்று என்பது என் கருத்து.

எனினும், இலைக்குக் கிடைத்த அந்த மென்மையான தீர்ப்பை, கத்தினோனின் வார்ப்பில் ஆய்வுகூடத்தில் செய்யப்படும் மெபெட்ரோன் போன்ற தூள்களுக்கு நீட்டிவிடாதீர்கள். மெல்பவரின் தாடை ஓயும். தூளுக்கு அந்த எல்லையும் இல்லை. லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ படிக்கப் போகும் எண்ணம் இருந்தால் இதையும் அறிந்துகொள்ளுங்கள்: கனடாவிலும் காத் தடைசெய்யப்பட்டதே, உலர்த்திய காத்தைத் தேயிலை என்று பொதிசெய்து கடத்துவதுண்டு. ஆகவே, யார் கொடுத்தாலும் அத்தகைய பொதியை உங்கள் பயணப்பையில் வைக்காதீர்கள்.