ராஜாஜி சாலையில் நடக்க 'ஸ்பெஷல் பர்மிஷன்' எதற்கு?

கேள்வி: அமெரிக்காவிலிருந்து அண்ணன், அண்ணி, அவர்களுடைய 12 வயதுப் பையன் வந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. எல்லோரும் சேர்ந்து ராஜாஜி சாலையில், செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து ஜி.பி.ஓ. (தலைமைத் தபால் நிலையம்) வரை பழைய கட்டடங்களைப் பார்த்தபடி நடக்க ஆசைப்படுகிறோம். 'ஹெரிடேஜ் வாக்' நடத்துவதாக ஒருவர் வாட்ஸ்அப்பில் தலைக்கு 1,200 ரூபாய் கேட்கிறார். கோட்டைக்கும் ஹைகோர்ட்டுக்கும் 'ஸ்பெஷல் பர்மிஷன்' எடுக்க மொத்தமாக இன்னொரு 3,000 வேண்டுமாம். வரும் ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்கிறார். கொடுக்கலாமா, நாங்களே போய்விடலாமா? (வாசகி, குரோம்பேட்டை)

பதில்: அந்த 3,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். தலைக்கு 1,200 உங்கள் விருப்பம். விஷயம் தெரிந்த வழிகாட்டி கூட வந்தால் பையனுக்குச் சுவாரசியமாக இருக்கும். அப்படிப்பட்டவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் விற்பது தங்கள் அறிவையும் நேரத்தையும். அனுமதியை அவர்கள் விற்க முடியாது, அது அவர்கள் கையில் இல்லை.

கோட்டைக்குள் பொதுமக்கள் போகலாம். வாசலில் பையைச் சோதிப்பார்கள், அடையாள அட்டை கேட்பார்கள், அவ்வளவுதான். பெரியவர்கள் எல்லோரும் அசல் அட்டையை எடுத்துச் செல்லுங்கள். உள்ளே கோட்டை அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் உண்டு. அதைக் கவுண்டரிலோ தொல்லியல் துறையின் இணையதளத்திலோ நீங்களே எடுக்கலாம். 15 வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை. உங்கள் அண்ணன் விஷயத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். வெளிநாட்டு பாஸ்போர்ட் என்றால் கட்டணம் பல மடங்கு. அவரிடம் ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு மத்திய அரசு தருவது) இருந்தால் இந்தியர் கட்டணமே போதும், அதற்கு மத்திய அரசின் அறிவிக்கையே இருக்கிறது. இந்த வித்தியாசத்தைத்தான் சில இடைத்தரகர்கள் காசாக்குகிறார்கள்: "ஃபாரினர் டிக்கெட் அதிகம், நான் உள்ளூர் ரேட்டில் முடித்துத் தருகிறேன்" என்பார்கள். அட்டையைக் கவுண்டரில் நீட்டினால் முடிகிற காரியம்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் அவர் உங்களைத் தவறாக வழிநடத்துகிறார். ஞாயிற்றுக்கிழமை போக்குவரத்து குறைவு என்பது உண்மை. ஆனால் அன்று ஸ்டேட் பாங்க்கை வெளியே நின்றுதான் பார்க்க முடியும்; கோட்டைக்குள் புனித மேரி தேவாலயத்தில் காலை ஆராதனை நடக்கும்போது சுற்றிப் பார்க்க நுழைவது மரியாதை அல்ல. வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை. மற்ற வேலை நாட்களில் தலைமைச் செயலகக் கூட்டம், சட்டமன்றம் நடந்தால் கெடுபிடி வேறு. ஆக மாதத்தின் முதல் அல்லது மூன்றாம் சனிக்கிழமைதான் சரி. தலைமைச் செயலகத்துக்கு விடுமுறை, தபால் நிலையம் இயங்கும். வங்கியும் இயங்கும், ஏனென்றால் வங்கி விடுமுறை இரண்டாம், நான்காம் சனிக்குத்தான்.

காலை 9 மணிக்குக் கோட்டையில் இருங்கள். இந்தச் சாலையின் முக்கியமான கட்டடங்கள் எல்லாம் கடலைப் பார்த்தவை, கிழக்கு முகம். காலை வெயில் முகப்பில் நேராக விழும்போதுதான் செங்கல் வேலைப்பாடு துலங்கும். மதியத்துக்கு மேல் முகப்பு முழுக்க நிழல், படம் கறுத்துவிடும். மின்சார ரயிலில் வந்து கோட்டை ஸ்டேஷனில் இறங்குங்கள். படி ஏறி இறங்க வேண்டியிருக்கும், அம்மாவை அவசரப்படுத்தாதீர்கள். ஸ்டேஷன் கோட்டைக்கு மேற்கே இருக்கிறது, நீங்கள் நுழைய வேண்டியது கிழக்கே கடல் பக்கத்து வாசல். அந்தச் சுற்றை அம்மா நடக்க வேண்டாம், ஆட்டோ பிடியுங்கள். ஆட்டோவிலும் ஜாக்கிரதை. "சும்மா ஒரு ரவுண்டு, எல்லா பில்டிங்கும் காட்டிடறேன்" என்று குறைந்த ரேட் சொன்னால், நடுவில் ஏதோ ஒரு கைவினைப்பொருள் கடை வரும். கடைக்காரர் தரும் கமிஷன்தான் அந்த மலிவுக்குக் காரணம். வெளிநாட்டிலிருந்து வந்தவர் கூட இருந்தால் இது கட்டாயம் நடக்கும்.

கோட்டைக்குள் இரண்டு இடங்கள் போதும். அருங்காட்சியகம் இருப்பது 1790களில் வணிகர்களின் எக்ஸ்சேஞ்சாகக் கட்டிய மாளிகையில். அதன் மாடியில்தான் 1796இல் சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் எரிந்தது. பையனிடம் இதைச் சொல்லி வையுங்கள், பின்னால் பயன்படும். அடுத்தது 1680இல் திறக்கப்பட்ட புனித மேரி தேவாலயம். கூரை பீரங்கிக் குண்டுக்குத் தாங்க வேண்டும் என்பதற்காக மரமில்லாமல், கெட்டியான வளைவாகக் கட்டியிருக்கிறார்கள். ராபர்ட் கிளைவின் கல்யாணம் 1753இல் இங்கேதான் நடந்தது. வெளியே தரையில் பதித்திருக்கும் கல்லறைக் கற்களைக் கவனியுங்கள், அவற்றின் கீழே யாரும் இல்லை. இப்போது சட்டக் கல்லூரிக் கட்டடம் இருக்கும் பக்கத்து இடுகாட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டு வந்த கற்கள் அவை. 1758-59இல் கோட்டையை முற்றுகையிட்ட பிரெஞ்சுக்காரர்கள் அந்தச் சமாதிகளின் பின்னால் ஒளிந்து சுட்டார்கள் என்பதால் இடுகாட்டையே காலி செய்துவிட்டார்கள். கழிப்பறை, தண்ணீர் இரண்டையும் அருங்காட்சியகத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். அதை விட்டால் பீச் ஸ்டேஷன்தான்.

கோட்டை வளாகத்தில் ராணுவமும் இருக்கிறது. கேமராவை எடுக்கும் முன் அங்கே நிற்கும் காவலரைக் கேளுங்கள். டிரோன் என்ற பேச்சே கூடாது.

அடுத்து ஹைகோர்ட். 1892இல் திறந்த இந்தச் செக்கச்சிவந்த கட்டடம் கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வின் முடித்துக் கொடுத்தது. வழக்கு இல்லாதவர் உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும், அதைத் தருவதா வேண்டாமா என்பது அங்குள்ள பாதுகாப்புப் பிரிவின் முடிவு. வேறு யார் வாங்கித் தருவதாகச் சொன்னாலும் நம்பாதீர்கள். உங்களுக்கு அது தேவையும் இல்லை, சாலையிலிருந்தே முக்கால்வாசி தெரியும். வளாகத்துக்குள் தனியாக நிற்கும் கருங்கல் தூண் 1844இல் வந்த இரண்டாம் கலங்கரை விளக்கம். கோர்ட்டின் உயரமான கோபுரம் 1894 முதல் 1977 வரை மூன்றாவது விளக்காக இருந்தது. நான்காவது இப்போது மெரினாவில். மூன்று விளக்குகள் ஒரே நடையில், ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. கடல் பக்கத்து மதில் சுவரில் எம்டன் கப்பலின் நினைவுக் கல்லைத் தேடிப் பாருங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் சென்னை மேல் குண்டு வீசியது. கில்லாடி ஆளை நாம் இன்றும் 'எம்டன்' என்பது அதனால்தான்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும். ஆண்டில் ஒரு நாள், பெரும்பாலும் நவம்பரில், சனிக்கிழமை இரவு 8 மணியிலிருந்து ஞாயிறு இரவு 8 மணி வரை ஹைகோர்ட்டின் எல்லா வாசல்களையும் பூட்டிவிடுவார்கள். வக்கீலானாலும் ஊழியரானாலும் அன்று உள்ளே போக முடியாது. வளாகத்தின் குறுக்கே மக்கள் காலங்காலமாக நடந்து போகிறார்கள். தடையில்லாமல் விட்டால் 'இது பொதுவழி' என்று நாளை யாராவது உரிமை கோரலாம். 'வழி எங்களுடையது, விடுவதும் எங்கள் தயவு' என்று நிலைநாட்டத்தான் அந்த ஒரு நாள் பூட்டு. இது கலவரமோ கடையடைப்போ அல்ல. ஆனால் அன்று வாசலில் நிற்பவர்களிடம், "இன்று ஸ்பெஷலாக மூடியிருக்கிறது, பின்பக்கமாகக் கூட்டிப் போகிறேன்" என்று காசு பிடுங்க ஆள் வந்தால் ஏமாறாதீர்கள். பின்பக்கமும் பூட்டித்தான் இருக்கும். நவம்பரில் போவதாக இருந்தால் முந்தின வாரச் செய்தித்தாளைப் பாருங்கள், அறிவிப்பு வந்துவிடும்.

பாரிமுனையில் நிற்பது 1940இல் எழுந்த டேர் ஹவுஸ். 1788இல் வியாபாரம் தொடங்கிய தாமஸ் பாரியின் பெயர் முனைக்கு, பின்னாளில் வந்த பங்குதாரர் டேரின் பெயர் கட்டடத்துக்கு. அம்மாவுக்குக் கால் தாங்கினால் என்.எஸ்.சி. போஸ் சாலையில் மேற்கே திரும்பி, அரண்மனைக்காரன் தெருவில் ஆர்மீனியத் தேவாலயத்தைப் பாருங்கள். 1772இல் கட்டியது, மணிக்கூண்டில் ஆறு மணிகள். ஆர்மீனியன் என்பதுதான் நம் வாயில் 'அரண்மனைக்காரன்' ஆனது, அரண்மனை எதுவும் அங்கே கிடையாது. கதவு சாத்தியிருந்தால் தட்டிக் காசு கொடுத்துத் திறக்கச் சொல்லாதீர்கள், திரும்பிவிடுங்கள்.

மறுபடி ராஜாஜி சாலை. ஸ்டேட் பாங்க் கட்டடம் 1897இல் பாங்க் ஆஃப் மெட்ராசுக்காகக் கட்டியது. வரைந்தவர்களில் ஒருவர் அதே இர்வின், கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். உள்ளே கூடத்தை எட்டிப் பார்க்கக் காவலாளியிடம் பணிவாகக் கேளுங்கள், மறுத்தால் வாதாட வேண்டாம். உள்ளே படம் எடுக்கவே கூடாது. ஜி.பி.ஓ.வில் அந்தச் சிக்கல் இல்லை. தபால்தலை வாங்கப் போகிறவரை யாரும் தடுக்க முடியாது. பையன் ஓர் அஞ்சலட்டை வாங்கித் தனக்கே அனுப்பிக்கொள்ளட்டும். ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1884இல் திறந்த கட்டடம் அது. முகப்பை முழுசாகப் பார்க்க எதிர்ப்பக்கம் போக வேண்டும். சாலையை இடையில் ஓடிக் கடக்காதீர்கள், பீச் ஸ்டேஷன் சுரங்கப்பாதையில் போங்கள். அதிலும் படிகள் உண்டு.

இவ்வளவையும் ஒரு பத்திரிகை பார்த்துச் சொல்ல வேண்டியிருப்பதே வெட்கக்கேடு. 2012இலேயே பாரம்பரிய ஆணையத்துக்கெனச் சட்டம் போட்ட மாநிலம் இது. கட்டடத்தின் பெயர், ஆண்டு, கட்டியவர் என்று மூன்று வரி தமிழில் எழுதிய பலகையை எல்லா வாசலிலும் வைக்க என்ன செலவாகும்? கேட்டால் கட்டடம் ஒரு துறை, நடைபாதை ஒரு துறை, பலகை இன்னொரு துறை. இதே சாலையில் பழைய பெண்டிங்க் கட்டடத்தை இடித்துத்தான் கலெக்டர் அலுவலகமான சிங்காரவேலர் மாளிகை எழுந்தது. பலகை இல்லாத இடத்தில்தான் தரகர் முளைக்கிறார்.

மொத்த நடை, தேவாலயத் தெருவையும் சேர்த்து, மூன்று கிலோமீட்டருக்குள். நின்று பார்த்தால் மூன்றரை மணி நேரம் ஆகும். பர்மா பஜாரில் போன் பேரம் பேச இறங்கினால் அதற்கு மேல் ஒரு மணி நேரம், ரசீதும் கிடைக்காது. திரும்ப பீச் ஸ்டேஷனில் ஏறுங்கள். தாம்பரம் வண்டி அங்கிருந்துதான் புறப்படுகிறது, அம்மாவுக்கு ஜன்னலோரம் உட்கார இடம் கிடைக்கும்.