சரிவில் தோட்டமா? முதலில் தண்ணீருக்கு வழி விடுங்கள்

கேள்வி: கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் 20 அடி நீளத்துக்குச் சரிவு. ஒவ்வொரு மழைக்கும் மண் வழிந்து கேரட் பாத்தியை மூடிவிடுகிறது. 3 அடி உயரத்தில் ஹாலோ பிளாக் சுவர் எழுப்பலாமா?

பதில்: ஹாலோ பிளாக் வேண்டாம். உள்ளே கம்பி விட்டுக் கான்கிரீட் நிரப்பினால் ஒழிய, பக்கவாட்டில் தள்ளும் மண்ணை அது தாங்காது. சிமெண்ட் இல்லாமல் அடுக்கிய கருங்கல் சுவரே உங்களுக்குப் போதும். சின்னத் தடுப்புச்சுவர்கள் சாய்வதற்குப் பெரும்பாலும் காரணம் பின்னால் தேங்கும் தண்ணீர்தான். கல் இடுக்குகள் அதைக் கசியவிட்டுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் ஊர் மழை எப்படிக் கொட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

3 அடியையும் ஒரே சுவராக ஏற்றாதீர்கள். ஒன்றரை அடியில் இரண்டாகப் பிரியுங்கள். உயரம் பாதியானால் மண் தள்ளும் விசை கால்வாசியாகிவிடும். இரண்டுக்கும் நடுவே 3 அடியாவது சமதளம் வேண்டும், இல்லையென்றால் மேல்சுவரின் பாரம் கீழ்ச்சுவரில் இறங்கும். அந்த இடத்தில் இன்னொரு பாத்தியும் கிடைக்கும்.

மேல்மண்ணைத் தனியே ஒதுக்கிவிட்டு, கெட்டி மண் வரும்வரை வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுங்கள். பெரிய கற்கள் அடியில் போகட்டும். சுவரின் அடிப்பக்க அகலம் 1 அடி. மேலே போகப்போக அடிக்கு 2 அங்குலம் வீதம் சுவர் மேட்டுப்பக்கம் சாய வேண்டும். ஒரு வரிசையின் இணைப்புக்கு மேல் அடுத்த வரிசையின் கல் நடுப்பகுதி உட்கார வேண்டும். கொத்தனார் அவசரப்பட்டால் இதில்தான் கோட்டைவிடுவார், பக்கத்திலேயே நில்லுங்கள்.

அப்புறம், சுவருக்குப் பின்னால் ஒரு அடி அகலத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி. ஜல்லிக்கும் மண்ணுக்கும் இடையே, தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி. துணி இல்லாவிட்டால் சேறு இறங்கி ஜல்லியை அடைத்துவிடும். அதற்குப் பதிலாகத் தார்ப்பாய் விரிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது தண்ணீரையே மறித்துவிடும். மண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குங்கள். ஒதுக்கி வைத்த மேல்மண் கடைசியாக, பாத்திக்கு. மேட்டில் ஒரு வாய்க்கால் வெட்டி மழைநீரை ஓரமாகத் திருப்பிவிடுங்கள்.

மேட்டுக்கு மேலே வீடோ சாலையோ இருந்தால், கைவைக்கும் முன் ஒரு பொறியாளரை வரவழைத்துக் காட்டுங்கள். நீலகிரியில் பொக்லைன் வைத்து மண் எடுக்கக் கட்டுப்பாடு உண்டு. இந்த வேலைக்கு அது தேவையும் இல்லை, கடப்பாரையும் மண்வெட்டியும் போதும். தை, மாசியில் மண் காய்ந்திருக்கும்போது ஆரம்பியுங்கள்.