வாசகர் கேள்வி–பதில்: ஊருணியில் தொடங்கி ராணி கீ வாவ் வரை

100 ரூபாய் நோட்டில் இருக்கும் ராணி கீ வாவ் என்ற படிக்கிணற்றைப் பார்க்கக் குடும்பத்தோடு குஜராத் போகிறோம். நம் ஊர் ஊருணியிலும் நாலு பக்கமும் படி இருக்கிறது. அதற்கும் இதற்கும் என்னதான் வேறுபாடு? (கானாடுகாத்தான் வாசகர்)

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் எல்லாம். ஊருணிக்குத் தண்ணீர் மேலிருந்து வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை வரத்துக்கால் வழியாக ஓடி வந்து விழும். அதைத் தேக்கி வைத்து ஆண்டு முழுக்கச் செலவழிக்கிறோம். வாவில் தண்ணீர் கீழிருந்து ஊறுகிறது. பெய்யும் மழை அந்த வறண்ட மண்ணுக்குள் ஆழமாக இறங்கிவிடும். மழைக்காலத்தில் ஊற்று மட்டம் மேலே இருக்கும், கோடையில் பல அடி கீழே போகும். மட்டம் எங்கே இருந்தாலும் குடத்தோடு ஆள் இறங்கிப் போய் மொள்ளத்தான் அந்தப் படிகள். நம் தெப்பக்குளத்துப் படித்துறையும் இதே கணக்குத்தான், ஆழம் மட்டும் குறைவு.

பாட்டன் ஊரில் உள்ள ராணி கீ வாவ் ஏறக்குறைய 64 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 27 மீட்டர் ஆழம். 11ஆம் நூற்றாண்டில் சோலங்கி அரசன் முதலாம் பீமதேவனின் ராணி உதயமதி எடுத்தது. இறங்கும்போது எல்லோரும் சிற்பத்தையே பார்ப்பார்கள். நீங்கள் ஒரு நிமிடம் நின்று, குறுக்கே நிற்கும் தூண் மண்டபங்களைப் பாருங்கள். அவை அழகுக்கு மட்டும் வைத்தவை அல்ல. இவ்வளவு ஆழத்துக்குப் பள்ளம் தோண்டினால் இரண்டு பக்கத்து மண்ணும் சுவரை உள்ளே தள்ளும், மழையில் ஈரம் ஏறினால் இன்னும் பலமாகத் தள்ளும். அந்தத் தூண்களும் உத்தரங்களும் இரு பக்கச் சுவர்களுக்கும் நடுவில் கொடுத்த முட்டு. முட்டுக் கொடுத்ததையே மண்டபமாக்கியதுதான் கட்டியவர்களின் கெட்டிக்காரத்தனம்.

சரஸ்வதி ஆற்று வெள்ளத்தில் வண்டல் மூடிப் பல நூற்றாண்டு புதைந்து கிடந்ததால்தான் சிற்பங்களின் மூக்கும் முழியும் இன்றும் கூர்மையாக இருக்கின்றன. 2014இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகளும் அதே ஆண்டில்தான், அந்தத் தகுதிக்குப் பரிசீலிக்க வேண்டியவற்றின் யுனெஸ்கோ உத்தேசப் பட்டியலில் ஏறின. இன்னும் பட்டியலிலேயே நிற்கின்றன.

எந்த மாதம், எந்த நேரத்தில் போனால் படம் நன்றாக வரும்? (தேவகோட்டை வாசகர்)

மாதம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. சித்திரை, வைகாசியில் அங்கே போவது வீண் அவஸ்தை. சென்னையிலிருந்து நவஜீவன் எக்ஸ்பிரஸில் ஒரு இரவைக் கழித்தால் அகமதாபாத். பாட்டன் அங்கிருந்து சுமார் 130 கிலோமீட்டர்.

நேரத்தை, வாவ் எந்தத் திசையில் கிடக்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். ராணி கீ வாவில் கிழக்கே நுழைந்து மேற்கே இறங்குகிறோம், கிணறு மேற்குக் கோடியில். ஆகவே காலை வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து எதிர்ச் சுவரில் விழும். திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். மாலையில் போனால் சூரியன் எதிரே நின்று கண்ணைக் கூசும், சிற்பமெல்லாம் கறுத்துப் போகும். பிறகு சுமார் 35 கிலோமீட்டரில் மோதேரா சூரியன் கோயில். அதன் முன்னால் இருக்கும் படிக்குளம் நம் ஆட்களுக்குப் பார்த்தவுடன் பிடித்துப்போகும்.

அகமதாபாத்துக்குப் பக்கத்தில், 18 கிலோமீட்டரில், அடாலஜ் வாவ். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் முடிந்தது, ஐந்து அடுக்கு. இது தெற்கு வடக்காகக் கிடக்கிறது, அடுக்குகளின் கூரை வெளிச்சத்தை மறைக்கிறது. காலையில் போனால் அடித்தளம் இருட்டு. உச்சிவேளைதான் அதற்கு நேரம். பாட்டனைக் காலையிலும் அடாலஜை மறுநாள் 11 மணிக்கு மேலும் வையுங்கள். ஒரே நாளில் இரண்டையும் அடைத்தால் ஒன்று கெடும்.

ராஜஸ்தான் ஆபாநேரியில் உள்ள சாந்த் பாவ்டி படிக்கிணற்றுக்குக் கணக்கு நேர்மாறு. 13 அடுக்கில் சுமார் 3,500 படிகள் கோலம் போட்டதுபோல் இறங்கும். அந்தக் கோலத்தைக் காட்டுவது படியின் நிழல்தான். உச்சி வெயிலில் நிழல் செத்துவிடும். காலை 9 மணி வாக்கில் போங்கள்.

எங்கள் ஆயாவுக்கு 72 வயது, முழங்கால் வலி உண்டு. கூட வருவேன் என்று பிடிவாதம். அழைத்துப் போகலாமா? (பள்ளத்தூர் வாசகி)

தாராளமாக. சாந்த் பாவ்டியில் யாரையுமே கீழே இறங்க விடுவதில்லை, எல்லோரும் மேல் விளிம்பிலிருந்துதான் பார்க்க வேண்டும். அங்கே உங்கள் ஆயாவும் நீங்களும் ஒன்று. ராணி கீ வாவில் அடுக்குக்கு அடுக்கு அகலமான தளம் இருக்கிறது. முதல் தளத்தில் உட்கார்ந்தாலே பக்கச் சுவர்ச் சிற்பம் நிறையக் கண்ணில் படும். அடி ஆழம் வரை பொதுமக்களுக்கு வழியும் கிடையாது.

இறங்குவது சுலபமாகத் தெரியும், வினை ஏறும்போதுதான். அதனால் ஆயா சோர்ந்த பிறகு திரும்பாதீர்கள். இன்னும் கொஞ்சம் போகலாம் என்று தோன்றும்போதே திரும்பிவிடுங்கள். சுவரோரமாக, படியில் சற்றுப் பக்கவாட்டில் நின்று, வலிக்கிற காலை முதலில் கீழே வைத்து இறங்கட்டும். ஏறும்போது நல்ல கால் முதலில். நீங்கள் எப்போதும் ஆயாவுக்கு ஒரு படி கீழே நில்லுங்கள். வழுவழு ரப்பர் செருப்பு வேண்டாம்.

அவ்வளவு தூரம் போக முடியாது. காரைக்குடியிலிருந்து ஒரு நாளில் போய்வர ஏதாவது உண்டா? (கோட்டையூர் வாசகர்)

திருவெள்ளறை. ரயிலிலோ பஸ்ஸிலோ திருச்சி போய், சத்திரம் பேருந்து நிலையத்தில் துறையூர் பஸ் ஏறினால் சுமார் 20 கிலோமீட்டர். புண்டரீகாட்சப் பெருமாள் கோயிலை ஒட்டி ஸ்வஸ்திக் வடிவில் ஒரு கிணறு, பெயர் மாற்பிடுகு பெருங்கிணறு. பல்லவன் தந்திவர்மனின் 4ஆம் ஆட்சியாண்டில் தொடங்கி 5ஆம் ஆண்டில் முடித்தவர் கம்பன் அரையன் என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. நாலு பக்கமும் படி இறங்கி, ஒவ்வொன்றும் பாதியில் திரும்புகிறது. ஒரு துறையில் குளிப்பவர் அடுத்த துறைக்குத் தெரியமாட்டார். கல்வெட்டில் ஒரு பாட்டும் உண்டு: மூப்பு வந்து கோல் ஊன்றுமுன், உண்டது போக மிஞ்சியதை உலகறிய வை என்பது அதன் சாரம். ஊருணி வெட்டியவர்களின் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

காஞ்சிபுரத்துக்கு அருகே ஐயங்கார்குளத்தில் நடவாவிக் கிணறு இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி உள்ளே இருக்கும் மண்டபம் தண்ணீருக்குள்தான். சித்ரா பௌர்ணமிக்கு முன் நீரை இறைத்துவிட்டு வரதராஜப் பெருமாளை எழுந்தருளச் செய்வார்கள். இறங்கிப் பார்க்க நினைப்பவர்கள் அந்த நாளைப் பிடிக்க வேண்டும். வேறு நாளில் போய்விட்டு ‘ஒன்றுமே இல்லை’ என்று எழுதாதீர்கள்.

பேரப்பிள்ளைகள் பெங்களூரிலிருந்து வருகிறார்கள். நம் பகுதி ஊருணிகளையே சுற்றிக் காட்ட நினைக்கிறேன். எதைக் காட்டுவது, எதில் கவனம் வேண்டும்? (காரைக்குடி ஆச்சி)

நல்ல யோசனை, ஆச்சி. பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, இளையாத்தங்குடி என்று ஒரு காலையில் பார்த்துவிடலாம். மதியம் கோயில் நடை சாத்திவிடும், அதனால் ஏழு மணிக்கே கிளம்புங்கள்.

தை, மாசியில் தண்ணீர் நிறைந்து அழகாக இருக்கும். ஆனால் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வற்றிய ஊருணிதான் மேல். வைகாசி, ஆனியில் போனால் செம்புறாங்கல் படி அடிவரை தெரியும். சில ஊருணிகளின் நடுவில் தனியாக ஒரு கிணறும் தெரியும். ஊருணி வற்றிய பிறகும் கடைசித் தண்ணீர் அதில் நிற்கும். வரத்துக்கால் எங்கே நுழைகிறது, நிறைந்தால் எந்தப் பக்கம் வழிகிறது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் இருக்கும்போது கவனிக்க வேண்டியது பாசி. காய்ந்த செம்புறாங்கல் சொரசொரவென்று காலைப் பிடிக்கும். தண்ணீர் விளிம்புக்கு மேலே உள்ள இரண்டு மூன்று படிகள்தான் ஆபத்து, ஏனென்றால் மட்டம் ஏறி இறங்கிய இடம் அது. பச்சையாக இருந்தால் எல்லோருக்கும் தெரியும். காய்ந்து கறுத்த பாசி வெறும் கல்போலவே தெரியும், ஈரம் பட்டதும் வழுக்கும். தண்ணீருக்குள் எத்தனை படி இருக்கிறது, நடுக்கிணறு எங்கே என்று மேலிருந்து தெரியாது. ஆகவே விளிம்பிலிருந்து நாலு படி மேலேயே பிள்ளைகளை நிறுத்துங்கள். குடிநீருக்கு எடுக்கும் ஊருணியில் கால் நனைக்கவே கூடாது. எது குடிநீர் ஊருணி என்று இறங்கும் முன் ஊராரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.