சொந்தமாக பேஸ் கிடார்: கழுத்தில் கவனம் வையுங்கள்

வீட்டிலேயே எலெக்ட்ரிக் பேஸ் செய்யத் துணிந்த பெங்களூர் வாசகர்கள் பெரும்பாலும் உடலுக்கு எந்த மரம் என்றுதான் கேட்கிறார்கள். அந்த அக்கறையில் பாதியை, விரல்கள் ஓடும் நீண்ட தண்டான கழுத்துக்குக் கொடுத்தால் போதும், கருவி பல வருடங்கள் நிற்கும்.

வீணைக்குப் பலா மரம்தானே? பேஸுக்கும் அதையே எடுக்கலாமா? (அல்சூர்)

தாராளமாக எடுக்கலாம், வீணையின் நாதத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். வீணையில் தந்தியின் அதிர்வு குதிரை வழியாகக் குடத்துக்கு இறங்கி, அதுவே காற்றை அசைக்கிறது. எலெக்ட்ரிக் பேஸில் தந்திக்குக் கீழே காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட பிக்கப் இருக்கும். எஃகுத் தந்தி அசையும்போது அதன் காந்தப்புலம் மாறி, சுருளில் மின்சாரம் எழுகிறது. தந்தி, பிக்கப், பிக்கப் இருக்கும் இடம், இவைதான் ஒலியை முதலில் தீர்மானிக்கின்றன. ஆகவே உடலுக்கான மரத்தை எடையும் காய்ந்த பதமும் பார்த்து வாங்குங்கள். 45 மி.மீ. கனத்தில் தேக்கு தோளை அழுத்தும். குடகு, சிக்மகளூர் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக்கையும் மரக்கடையில் கேட்டுப் பாருங்கள். எந்த மரமானாலும் ஈரப்பதம் 8 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்கட்டும். வாங்கியது என்ன மரம் என்றே சந்தேகமா? மல்லேஸ்வரத்தில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது; அங்கே விசாரியுங்கள்.

பழைய வீட்டு நிலைச்சட்டத் தேக்கில் ஒரே துண்டாகக் கழுத்து செய்தேன். தந்தி ஏற்றிய சில நாட்களில் வில்லாக வளைந்துவிட்டது. ட்ரஸ் ராட் (கழுத்தின் வளைவைத் திருகிச் சரிசெய்ய உள்ளே வைக்கும் உலோகக் கம்பி) வைக்கவில்லை. (ஜாலஹள்ளி)

மரத்தின் மேல் குற்றம் இல்லை. நான்கு தந்திகளும் சேர்ந்து சுமார் 75 கிலோ விசையில் இழுக்கின்றன. ஓய்வே இல்லாத இழுப்பு அது. அதே தேக்கை நீளவாக்கில் மூன்று பட்டைகளாக அறுத்து, நடுப்பட்டையைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டுங்கள். ஒன்று ஒரு பக்கம் முறுக்கினால் மற்றவை எதிர்ப்பக்கம் பிடிக்கும். முனையில் பார்த்தால் வளையக் கோடுகள் செங்குத்தாக நிற்க வேண்டும். தேக்கில் எண்ணெய் உண்டு. ஒட்டும் முன் அசிட்டோன் தோய்த்த துணியால் துடைக்காவிட்டால் பிசின் பிடிக்காது. அறுத்ததும் அவசரப்படாமல் சில வாரங்கள் கிடத்தி வையுங்கள். மரம் நெளிய வேண்டியதெல்லாம் நெளிந்த பிறகு இழைப்புளியால் நேராக்குங்கள். இருபுறமும் திருகக்கூடிய ட்ரஸ் ராட் கட்டாயம் வேண்டும். மார்ச் மாத வறட்சியிலும் மழைக்காலத்திலும் கழுத்து சற்றே அசையும். அதைச் சரிசெய்ய வேறு வழியே கிடையாது.

ஃபிரெட் (விரல்பலகையில் பதிக்கும் மெட்டுக் கம்பி) இடைவெளியை எப்படிக் கணக்கிடுவது? (கே.ஆர். புரம்)

தந்தி அதிரும் நீளத்துக்கு, 1951இல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸின் 34 அங்குலமே இன்றும் பொது அளவு, அதாவது 863.6 மி.மீ. இதை 17.817ஆல் வகுத்தால் முதல் ஃபிரெட் 48.5 மி.மீ.யில் விழும். மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்துக்கொண்டே போங்கள். பன்னிரண்டாவது சரிபாதியில், 431.8 மி.மீ.யில் வந்தால் கணக்கு சரி. பலகையில் குறிக்கும்போது எல்லா அளவையும் நட்டிலிருந்தே (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் தங்கும் சிறு கட்டை) எடுங்கள். முந்தைய ஃபிரெட்டிலிருந்து அளந்தால் சிறு பிழைகள் சேர்ந்து, மேல் சுரங்கள் பிசகும். உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜைப் பொருத்தும்போது, அதில் தடித்த தந்தி உட்காரும் சாடில் இன்னும் சில மி.மீ. பின்னால் நகர இடம் விடுங்கள்.

ஆம்ப்ளிஃபயரில் 'ம்ம்' என்ற இரைச்சல். தந்தியைத் தொட்டால் குறைகிறது. (ஸ்ரீராமபுரம்)

பிக்கப்பும் ஒயர்களும் இருக்கும் குழிகளுக்குள் செம்புத் தகடு ஒட்டி, அதை எர்த்துடன் இணையுங்கள். எஸ்.பி. ரோட்டில் செம்பு டேப் கேளுங்கள்.

விரல்பலகைக்கு ஈட்டி மரம் தேய்த்தேன். கையில் தடிப்பும் அரிப்பும். (ஒயிட்ஃபீல்ட்)

உடனே நிறுத்துங்கள். ஈட்டித் தூள் ஒவ்வாமை தரக்கூடியது. ஒருமுறை உடலுக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் அடுத்த முறை கொஞ்சம் தூளே அதிகம் படுத்தும். தோல் மருத்துவரைப் பாருங்கள். மிச்ச வேலையை வேறொருவரிடம் கொடுங்கள், அல்லது பலகையை வேறு மரத்தில் மாற்றுங்கள். இன்னும் தடிப்பு வராதவர்களும் முகமூடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் ஈட்டியைத் தேய்க்கக் கூடாது.