கோழி நொண்டுது, எலும்பு அடர்த்தி மெஷின் வாங்கலாமா?

கேள்வி: கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறேன். நாலாவது வாரம் தாண்டினால் சில கோழிகள் நொண்டுகின்றன, சில எழுந்திருப்பதே இல்லை. எலும்பு அடர்த்தி அளக்கும் எக்ஸ்ரே மெஷினை ஒருவர் விற்க வந்தார், கூடவே ஒரு கால்சியம் டானிக்கும். வாங்கலாமா?

பதில்: மெஷின் வேண்டாம். டானிக்கையும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள்.

அடர்த்தி அளப்பது ஏமாற்று வேலை இல்லை. மனிதர்களுக்கு எலும்புத் தேய்மானம் பார்க்கிற டெக்ஸா முறையில் கோழியையும் கொல்லாமலே அளக்கலாம், ஒரே கோழியை வாரம் தோறும் தொடர்ந்து பார்க்கலாம். ஆனால் அது அசையாமல் படுத்திருக்க வேண்டும், அதற்கு மயக்க மருந்து, மெஷினுக்குப் பல நாடுகளில் அனுமதி, இப்படி ஆராய்ச்சிக்கூடத்துக்குத்தான் சரிப்படும். தவிர, டெக்ஸா காட்டுவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் தாது என்பதைத்தான், அதனால் பெரிய கோழியின் தடித்த எலும்பு தானாகவே அதிக எண் காட்டும். டானிக் கொடுத்த கோழிக்கு அடர்த்தி கூடியது என்று சார்ட் காட்டினால், டானிக் கொடுத்த கூட்டமும் கொடுக்காத கூட்டமும் ஒரே வயதா, ஒரே எடையா, எந்த எலும்பை அளந்தீர்கள் என்று கேளுங்கள். பேச்சு அங்கேயே தடுமாறும் என்பது என் கணிப்பு.

உங்களுக்குத் தேவையானது சாம்பல் பரிசோதனை. நொண்டுகிற சில கோழிகளின் டிபியாவை, அதாவது தொடைக்குக் கீழே இருக்கிற அந்த நீள எலும்பை, லேபுக்கு அனுப்பினால் கொழுப்பை நீக்கி, உலர்த்தி, சுமார் 600 டிகிரியில் எரித்து மிஞ்சும் சாம்பலை எடை போடுவார்கள். வயதுக்கு உரிய அளவைவிடக் குறைந்தால் கால்சியம், பாஸ்பரஸ், வைட்டமின் டி3 இதில் ஏதோ இடிக்கிறது. கால்சியம் அளவுக்கு மிஞ்சினாலும் பாஸ்பரஸ் சரியாகச் சேராது, டானிக்கை நான் தடுப்பது அதனால்தான்.

ஆனால் சாம்பல் சரியாக இருந்தும் கோழி நொண்டலாம். பாக்டீரியா தொற்றி தொடை எலும்பின் தலை அழுகுவது, கால் கோணிப்போவது இதெல்லாம் அடர்த்தி எண்ணில் பெரும்பாலும் பிடிபடாது. கால்நடை மருத்துவரை வைத்து அறுத்துப் பாருங்கள். இடுப்பிலிருந்து கழற்றும்போது தொடை எலும்பின் தலை நொறுங்கி அங்கேயே தங்கிவிட்டால் தொற்றைச் சந்தேகிக்கலாம், டிபியாவின் மேல்முனையை நெடுக வெட்டினால் வெள்ளையாகக் குருத்தெலும்பு அடைத்துக்கொண்டு நிற்பது வேறு கோளாறு, எலும்பு சடக்கென்று ஒடியாமல் ரப்பர் மாதிரி வளைந்தால் ரிக்கெட்ஸ், அதாவது எலும்பில் தாது சரியாகச் சேராத நோய்.

செலவே இல்லாத ஒன்றும் இருக்கிறது: கோழியை நடக்கவிட்டு 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவது. நன்றாக நடந்தால் 0, நடக்கவே முடியாவிட்டால் 5. வாராவாரம் எழுதி வையுங்கள், எந்த வயதில் சரிகிறது என்பது தெரியும்.

அப்புறம், ஒவ்வொரு லோடு தீவனத்திலும் கொஞ்சம் எடுத்து, மூட்டையின் பேட்ச் எண்ணோடு காற்றுப் புகாமல் கட்டி வையுங்கள். சாம்பல் குறைவு என்று ரிப்போர்ட் வந்து தீவனக் கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்கப் போனால், முதலில் அந்த மாதிரியைத்தான் கேட்பார்கள்.